எரிந்த ஷாமியானாவில் ரோஜா வாசனை

என் இடது புருவம் இனி முளைக்காது என்று மருந்துக்கடைப் பெண் சொல்கிறாள். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. அந்தப் பக்க முகம் எப்போதும் லேசாக ஆச்சரியப்பட்டது போல இருப்பதால், வகுப்பில் பையன்கள் தங்கள் பதிலை நான் ரசிப்பதாக நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் பேசுகிறார்கள்.

அந்தப் புருவத்தை எரித்தது நான்தான். அதோடு வீட்டுக்காரர் அகேடோவின் ஷாமியானாக்கள், அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள், மெக்கானிக் ஃபெஸ்டஸின் மீசை ஆகியவற்றையும் எரித்தேன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. தீ ஒரு விபத்து. விபத்து யாருக்கும் வரும். அதற்குப் பிறகு நடந்தவற்றைத்தான் நிதானமாக விளக்க வேண்டியிருக்கிறது. விளக்கிவிட்டால், என் இடத்தில் இருந்திருந்தால் நீங்களும் அதையே செய்திருப்பீர்கள் என்று ஒப்புக்கொள்வீர்கள்.

என் பெயர் ஒமொருயி. பெனின் நகரில் ஒரு பள்ளியில் குடிமையியல் சொல்லித்தருகிறேன். நாங்கள் குடியிருந்தது நீளமான நடையின் இரு பக்கமும் எதிரெதிரே அறைகள் உள்ள வீடு. ஒருவர் மிளகாய் இடித்தால் எதிர் அறைக்காரர் தும்முவார். நடையின் கடைசியில், பின்கட்டை ஒட்டி, அகேடோ தன் வாடகைச் சாமான்களைப் போட்டு வைக்கும் அறை. எங்கள் ஊரில் ஷாமியானா போடாமல் அடக்கம் செய்தால் ஆள் செத்ததாகவே யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே அந்த அறைதான் கிழவருக்குச் சாப்பாடு போட்டது. படித்தவன் என்பதால் அதன் சாவியில் ஒன்றை என்னிடம் கொடுத்து வைத்திருந்தார்.

என் அறைக்கு நேர் எதிர் அறை எசோஹேயுடையது. கணவன் இறந்து பல வருஷமாகிறது. காலையில் வாசலில் கரி அடுப்பை வைத்து, காராமணி அரைத்து அக்கரா சுடுவாள். ரோட்டில் போகிற டாக்சிகள் அந்த வாசனைக்கே நிற்கும். அந்த வாசலும் அந்த வாணலியும்தான் அவளுக்கு எல்லாம்.

என்னைக் கல்யாணம் செய்துகொள்ளும்படி அவளிடம் சில முறை கேட்டிருக்கிறேன். முதல் முறை கேட்டபோது, "இந்த வருஷம் காராமணில எவ்ளோ புழு பாருங்க சார்" என்றாள். அடுத்த முறை, "மழை வர்ற மாதிரி இருக்கு, கொடியில உங்க சட்ட கெடக்கு" என்றாள். இன்னொரு முறை, "மொதல்ல சாப்பிடுங்க, ஆறிப்போயிடும்" என்றாள். நான் குடிமையியல் ஆசிரியன். நிராகரிக்கப்படாத மனு நிலுவையில் உள்ள மனு. அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் வாடிக்கைக்காரி ஒருத்தியிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது. "தலகாணில கூட எண்ண வாசனதான்க்கா. சாகறதுக்குள்ள ஒரு நாளாவது ரோஜாப்பூ மாதிரி மணக்கணும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அன்று பாடம் நடத்த ஓடவில்லை.

கடையில் ஒரு புட்டி வாங்கிக் கொடுத்திருக்கலாம். ஆனால் வாங்கிக் கொடுப்பது யாராலும் முடியும். எங்கள் சர்ச்சில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், சோப்பு, தரை கழுவும் மருந்து, வாசனைத் திரவியம் என்று ஏதாவது ஒரு கைத்தொழில் சொல்லிக் கொடுப்பார்கள். ஒரே ஒரு வகுப்புக்குப் போனேன். அந்த அம்மாள் செய்முறையைவிட எச்சரிக்கையைத்தான் அதிகம் சொன்னார். ஸ்பிரிட்டின் ஆவி கண்ணுக்குத் தெரியாது, கீழே இறங்கித் தரையோடு தரையாகப் பரவும், ஆகவே ஜன்னலைத் திற, நெருப்பை அண்டவிடாதே, கேனில் பெயர் எழுதி ஒட்டு என்றார். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டேன். அப்புறம் என் வசதிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டேன்.

சாவி என்னிடம் இருந்ததால் அகேடோவின் சாமான் அறையிலேயே வேலையைத் தொடங்கினேன். அதன் ஜன்னலைத் திறந்தால் வாசனை வெளியே போய் எசோஹேயின் மூக்கை எட்டிவிடும், ரகசியம் கெட்டுவிடும். ஆகவே மூடி, இடுக்குகளுக்கு டேப் ஒட்டினேன். கேனில் பெயர் எழுதினாலும் ரகசியம் கெடும். எங்கள் வீட்டில் தண்ணீர், மண்ணெண்ணெய், சமையல் எண்ணெய் எல்லாமே ஒரே மாதிரியான மஞ்சள் கேனில்தான் இருக்கும். ஸ்பிரிட்டையும் அப்படிப்பட்ட இரண்டு மஞ்சள் கேன்களில் ஊற்றி, ஒன்றை உள்ளேயும் ஒன்றை வெளியே தண்ணீர்க் கேன்களின் வரிசையிலும் வைத்தேன். மறைத்து வைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

நெருப்பு விஷயத்தில் மட்டும் நான் ரொம்பக் கண்டிப்பு. பின்கட்டில் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது என்று ஃபெஸ்டஸைத் திட்டினேன். பேட்டரி இருக்கிறதே என்று கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றி வைத்தேன். அந்த அறையின் மூலையில் அகேடோவின் பழைய ஃப்ரீசர் நின்றது. பல நாளாக லைட், அதாவது கரண்ட், இல்லாததால் அது என் கண்ணுக்கு ஒரு பெட்டியாகத்தான் தெரிந்தது. சுவிட்ச் போட்டபடியே இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் சுவிட்சை அணைக்க மாட்டார்கள். அணைத்துவிட்டால் லைட் வந்தது எப்படித் தெரியும்?

அந்த மத்தியானம் அகலமான அலுமினிய அண்டாவில் ஸ்பிரிட்டையும் ரோஜா எசென்ஸையும் ஊற்றி, அகப்பையால் கிளறிக்கொண்டிருந்தேன். நீச்சல் கண்ணாடி போட்டிருந்தேன். வியர்வையில் மங்கிப்போனதால் நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தேன். தலை இனிமையாகச் சுற்றியது. காதல் என்று நினைத்தேன். அப்போது தெருவெங்கும் பிள்ளைகள் "அப் நேபா" என்று கூவினார்கள். லைட் வந்தால் எங்கள் ஊரில் அப்படிக் கூவித்தான் ஆக வேண்டும். நானும் கூவினேன். ஃப்ரீசர் 'டிக்' என்றது. யாரோ பெரிய மனிதர் பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம் வந்தது. அறை முழுக்க நீலமாக, சொல்லப்போனால் அழகாக இருந்தது.

வெளியே வந்து விழுந்தேன். ஃபெஸ்டஸ் ஓடி வந்து, "தண்ணி, தண்ணி குடுங்க சார்" என்றான். வரிசையிலிருந்து ஒரு மஞ்சள் கேனை எடுத்துக் கொடுத்தேன். அவன் பலசாலி. ஒரே வீச்சில் முழுக் கேனையும் உள்ளே ஊற்றினான். அது தண்ணீர் அல்ல.

கடைசியில் பக்கத்து மனையில் வீடு கட்டக் குவித்திருந்த மணலை எல்லோருமாக வாரிக்கொட்டித்தான் அணைத்தோம். ஒருவருக்கும் பெரிய காயம் இல்லை. தெரு முழுவதும் சில நாள் ரோஜா மணத்தது. சர்ச் பாடகர் குழுப் பெண் ஒருத்தி வந்து, இங்கே யாருக்குக் கல்யாணம் என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

கேன் விஷயத்தை நான் விசாரணையில் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவனே நான்தான்.

அதைச் சொல்ல மறந்துவிட்டேன். மறுநாள் அகேடோ எல்லாக் குடித்தனக்காரர்களையும் கூட்டினார். முறைப்படி கோலாக்கொட்டையை உடைத்து, ஜெபம் செய்து, அழுதார். "என் வயித்துல நெருப்ப வச்சவன் யாருன்னு தெரியாம நான் கண்ண மூட மாட்டேன். சார், இந்த வீட்ல நீங்கதான் படிச்சவரு. நீங்களே விசாரிச்சுச் சொல்லுங்க." நான் மறுத்தேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் மறுத்தேன். அதற்கு மேல் மறுத்தால் மரியாதையாக இருக்காது. யோசித்துப் பாருங்கள், விசாரிப்பவன் விஷயம் தெரிந்தவனாக இருக்க வேண்டும். அந்த வீட்டில் என்னைவிட விஷயம் தெரிந்தவர் யாரும் இல்லை.

அடுத்த நாள் விசாரணையை என்னிடமிருந்தேதான் தொடங்கினேன். சம்பவம் நடந்தபோது ஒமொருயி சார் எங்கே இருந்தார்? தீயை முதலில் பார்த்தவர் அவர். புருவத்தையே கொடுத்து வீட்டைக் காப்பாற்ற முயன்றவர். பதில் திருப்தியாக இருந்தது. ரோஜா வாசனையைப் பற்றிக் கேள்வி வந்தது. எத்தனையோ கல்யாணங்களில் பெண்கள் பூசி வந்த வாசனை அந்தத் துணியில் ஊறியிருக்கும், சூட்டில் வெளியே வந்திருக்கிறது என்று விளக்கினேன். அகேடோ கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். தன் ஷாமியானாக்கள் அவ்வளவு நல்ல இடங்களுக்குப் போய்வந்தவை என்பது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

பிறகு இரும்புச் சத்தியம். எங்கள் ஊரில் கோர்ட்டில் பைபிளைத் தொட்டுப் பொய் சொல்பவன்கூட இரும்பைத் தொட்டுப் பொய் சொல்ல மாட்டான். இரும்பு ஓகுன் தெய்வத்துடையது. பொய்ச் சத்தியம் செய்தவனை ஓகுன் ஏதாவது ஒரு வண்டியில் வந்து அடித்துவிட்டுப் போவார். ஃபெஸ்டஸின் ஸ்பேனர்களிலேயே பெரியதைக் கொண்டுவரச் சொன்னேன். நான் நீட்டிப் பிடிக்க, ஒவ்வொருவரும் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். நீட்டுகிறவன் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. ஸ்பேனரைக் கைக்குட்டையால் பிடித்திருந்தேன். அதில் கிரீஸ் இருந்தது.

எல்லோரும் ஸ்பேனரைத் தொட்டு, "நான் இல்ல" என்று கணீரென்று சொன்னார்கள். எசோஹேயின் முறை வந்தது. அக்கரா சுட்டு முடித்ததும் கரி அடுப்பைப் பின்கட்டில், அந்த அறையின் சுவரோரம் வைப்பது அவள் வழக்கம். அவள் ஸ்பேனரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு யோசித்தாள்.

"தண்ணி ஊத்தினேன் சார். ஆனா அடியில ஒரு கரி கனிஞ்சிட்டு இருந்துதான்னா, இரும்பப் பிடிச்சிட்டு எப்படி இல்லங்கறது? தெரியாதத தெரியும்னு சொல்ல மாட்டேன்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பெண்கள் இரண்டு பேர் அவளைப் பார்த்துக் கத்தினார்கள். அந்த வீட்டிலேயே உண்மையைத் தவிர வேறு எதுவும் சொல்லாதவள் அவள் ஒருத்திதான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மிகவும் கண்ணியமாக நடந்துகொண்டேன். சாப்பிட்டாளா என்று முதலில் கேட்டேன். பிறகுதான் கரியைப் பற்றிக் கேட்டேன். முடிவிலும் அவள்தான் செய்தாள் என்று நான் சொல்லவில்லை. "கரி அடுப்பு காரணமாக இருக்க வாய்ப்பு உண்டு" என்றேன். வாய்ப்பு எதற்குத்தான் இல்லை?

அகேடோ எழுந்தார். "சனிக்கெழமைக்குள்ள அவ காலி பண்ணட்டும். அடுப்பும் வேணாம், ஆளும் வேணாம்."

அவளுக்குப் போக்கிடம் ஔச்சியில் இருக்கும் அண்ணன் வீடு ஒன்றுதான். அண்ணன் மனைவிக்கு எண்ணெய் வாசனையே ஆகாது. அங்கே போனால் வாணலியைப் பரணில் போட வேண்டியதுதான்.

இங்கேதான் நீங்கள் என்னைத் தப்பாக நினைக்கக்கூடும். ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவளை வெளியேற்ற வேண்டும் என்று நான் திட்டமிடவில்லை. என் அறை பெரிய அறை, இரண்டு ஜன்னல். ஒருவருக்கு அறை இல்லாமல் போனால், அறை இருக்கிறவர் இடம் கொடுப்பது மனிதத் தன்மை. கல்யாணம் செய்துகொண்டு வந்தால் யார் என்ன சொல்ல முடியும்? வாசல் அதே வாசல்தான், அடுப்பையும் அகேடோவிடம் நான் பேசித் திரும்ப வாங்கித் தந்துவிடுவேன். என் வார்த்தைக்கு அவரிடம் மதிப்பு உண்டு. கட்டிலைச் சுவரோரம் நகர்த்திப் பார்த்தது உண்மை. அவளுடைய வாணலியை மாட்ட ஓர் ஆணி அடித்ததும் உண்மை. அந்த ஆணியை விசாரணைக்கு முந்தின நாளே அடித்துவிட்டேன். கையில் சுத்தியல் இருந்தது, அதனால்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் சாமான் கட்டும்போது போய் நின்றேன். என் அறையைப் பற்றி, ஜன்னல்களைப் பற்றி, கல்யாணத்தைப் பற்றிச் சொன்னேன். "அந்தக் கயித்த கொஞ்சம் இழுத்துப் புடிங்க சார்" என்றாள். பிடித்தேன். மனு இன்னும் நிலுவையில்தான் இருந்தது.

முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "எல்லாரும் என்னப் பாத்துக் கத்தினாங்க. நீங்க ஒருத்தர்தான் சாப்பிட்டீங்களான்னு கேட்டீங்க. உங்களுக்கு நல்லது நடக்கணும் சார்." கடைசி ஈட்டில் மிச்சமிருந்த அக்கராவைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள். என் அறையில் உட்கார்ந்து அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சாப்பிட்டேன். ருசிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை காலை அவளுடைய சாமானை ஏற்ற ஒரு லாரி வந்தது. ஃபெஸ்டஸ் ஒண்டியாளாக மெத்தையைத் தூக்கிப் போட்டான், மேஜையைத் தூக்கிப் போட்டான். எசோஹே வாணலியை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். லாரியைத் திருப்புவதற்காக டிரைவர் பின்பக்கமாக எடுத்தான். நான் சுவருக்கும் லாரிக்கும் நடுவில் நின்றிருந்தேன். அது மெதுவாகத்தான் வந்தது, ஆனால் நேராக வந்தது. அந்த நேரத்தில் என் மனச்சாட்சி விழித்துக்கொண்டது. லாரிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

"நான்தான்" என்றேன். லாரி நின்றது. "நான்தான் கொளுத்தினேன். எசோஹே கொளுத்தல."

எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பிரிட், டேப் ஒட்டிய ஜன்னல், மஞ்சள் கேன், கைக்குட்டை. ஆணியைக்கூட விடவில்லை. ஆரம்பித்த பிறகு நிறுத்துவது கஷ்டமாக இருந்தது.

முதலில் வாய் திறந்தவன் ஃபெஸ்டஸ். "அப்போ அந்தக் கேன்ல..."

"ஸ்பிரிட்."

"தண்ணின்னு குடுத்தீங்களே சார்."

"நான் தண்ணின்னு சொல்லவே இல்ல, ஃபெஸ்டஸ். கேட்டே, ஒண்ண எடுத்துக் குடுத்தேன்."

"யோவ், என் மீச போச்சுய்யா. என் கூட்டாளிங்க என்ன 'சிஸ்டர்'னு கூப்பிடறானுங்க. நீயே பத்த வச்சிட்டு நீயே பஞ்சாயத்தும் பண்ணியா? நல்ல வாத்தியாரு."

அகேடோ அவிழ்க்காத மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் என் இல்லாத புருவத்தையே பார்த்தார். "அந்த வாசன கல்யாண வாசனன்னு நெனச்சு, நான் என் பொஞ்சாதிகிட்ட பெருமையா சொன்னேன் சார்" என்றார். அது ஒன்றுதான் எனக்கு உறைத்தது.

பிறகு எழுந்து எசோஹேயிடம் போனார். அவ்வளவு வயதானவர், அவள் முன்னால் லேசாக முழங்காலை மடித்தார். "தெரியாமப் பேசிட்டேன்மா. உள்ள போ. அடுப்பப் பத்த வை." என் பக்கம் திரும்பினார். "லாரி வந்தது வந்ததாவே இருக்கட்டும். அவ சாமான எறக்குங்க, சார் சாமான ஏத்துங்க. அப்புறம் சார், புது ஷாமியானா வாங்கற வரைக்கும் எந்தச் சாவு வீட்டுக்கு நான் வாக்குக் குடுத்திருந்தாலும், அங்க வந்து தார்ப்பாயக் கம்புல கட்டித் தூக்கிப் புடிச்சிட்டு நிக்கப்போறது நீங்கதான்."

நியாயமான தீர்ப்பு. விசாரித்திருந்தால் நானும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ஃபெஸ்டஸ் என் கட்டிலைத் தூக்கி எறிந்த விதத்தில் கொஞ்சம் வன்மம் இருந்தது. இருந்தும் என் மனம் லேசாகிவிட்டது. ஊர் முன்னால் ஒரு மனிதன் தன் குற்றத்தை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. இதெல்லாம் யாருக்காக நடந்தது என்று அவள் யோசிக்காமலா இருப்பாள்? ஒரு பெண்ணுக்காக வீட்டையே கொளுத்தியவன் அந்தத் தெருவில் வேறு யார்? அவளே இப்போது என்னைத் தேடி வரக் கூச்சப்படலாம் என்று தோன்றியது. ஆகவே நானே போனேன்.

அவள் அடுப்பில் கரியை அடுக்கிக்கொண்டிருந்தாள். அதற்குள் இரண்டு டாக்சிக்காரர்கள் தட்டோடு நின்றார்கள்.

"எசோஹே," என்றேன். "எல்லாத்தையும் சொல்லிட்டேன். மறைக்க இனிமே எதுவும் இல்ல. இப்பவாவது சொல்லுங்க. என்னக் கட்டிக்குவீங்களா?"

கரித் துண்டைக் கீழே வைத்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். வானத்தையோ கொடியையோ வாணலியையோ பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"மாட்டேன் சார்."

டாக்சிக்காரர்கள் தங்கள் தட்டைப் பார்த்தார்கள். கோபத்தில் சொல்கிறாள், ஆறட்டும் என்று நினைத்தேன். அதை வாய்விட்டும் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"கோவமெல்லாம் இல்ல சார்," என்றாள் மெதுவாக, மரியாதையாக. "இத்தன வருஷமா அதத்தானே சொல்லிட்டிருந்தேன்."